கத்திரி வெயிலில் துருவப் பனி: வேலூர்ப் பயணக் குறிப்புகள்

மே 6, காட்பாடி – வேலூர்

உலகின் மிகக் குளிர்ந்த நிலங்களைப் பற்றிப் பேசுவதற்கு வேலூரை, அதுவும் கத்திரி தொடங்கிய வாரத்தில், தேர்ந்தெடுத்தது நான் அல்ல. கோடைப் பயிலரங்கு நடத்தும் கல்லூரி ஒன்றின் அழைப்பு அப்படி அமைந்தது. அதிகாலையில் காட்பாடி நிலையத்தில் இறங்கியபோது நடைமேடையின் கல்லிருக்கை முந்தைய நாளின் சூட்டை இன்னும் விட்டிருக்கவில்லை. கோட்டை வரை செல்ல 200 ரூபாய் கேட்ட ஆட்டோக்காரர் 150 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். பேரம் முடிந்ததும், நான் கேளாமலேயே, தம் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

பாலாற்றுப் பாலத்தின் மேல் செல்லும்போது வேலூரைப் பற்றிய பழைய கேலியையும் அவரே சொன்னார்: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். இவற்றுள் கோயில் மட்டும் 1981இல் தப்பித்துக்கொண்டது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் அந்த ஆண்டுதான் தம் இடத்துக்குத் திரும்பினார். ஆறு கேலிக்குப் பொருத்தமாக, கரையிலிருந்து கரை வரை மணலும் முட்புதருமாகக் கிடந்தது.

அறை, பெரிய மருத்துவமனைக்கு அருகிலுள்ள ஒரு சந்தில். அந்தத் தெருவின் கடைப்பலகைகளில் தமிழுக்கு இணையாக வங்காள எழுத்தும் இருக்கிறது. சிகிச்சைக்காக வாரக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்கள் விடுதியிலேயே சமைப்பதால் மாடிப்படி முழுவதும் கடுகெண்ணெய் மணக்கிறது. விடுதி மேலாளர் பதிவேட்டில் 'வந்த காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப என்னிடம் விவரம் கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐஸ் உருகுது, கடல் ஏறுது. அவ்ளோதான சார்? இதுக்கு ரெண்டு நாள் கிளாஸா?"

அந்தக் கேள்விக்கு உரிய பதில்தான் நான் கொண்டுவந்திருந்த பொருள் முழுவதும். உருகிய நீர் எல்லாம் கடலுக்குப் போய்விடுவதில்லை. கிரீன்லாந்துப் பனிவிரிப்பின் பெரும்பகுதியும், அண்டார்டிகாவின் ஏறக்குறைய முழுப்பரப்பும், 'ஃபிர்ன்' எனப்படும் இறுகிய பழம்பனியால் மூடப்பட்டிருக்கின்றன. ஒரு கோடையையாவது உருகாமல் தாண்டிய பனி, அதன்மேல் ஆண்டுதோறும் விழும் புதுப்பனியின் எடையால் மெல்ல அழுந்தி, துகளோடு துகள் ஒட்டி, பல பத்து மீட்டர் ஆழம் இறங்கிய பிறகே கெட்டியான பனிக்கட்டியாகிறது. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 முதல் 300 கிலோ வரை இருக்கும். இறுகிய பனி ஏறக்குறைய 400இல் தொடங்குகிறது. 830ஐ நெருங்கும்போது துகள்களுக்கு இடையிலான வழிகள் அடைபட்டு, எஞ்சிய காற்று தனித்தனிக் குமிழ்களாகச் சிறைப்படுகிறது. தூய பனிக்கட்டியின் அடர்த்தி 917. கணக்குப் போட்டுப் பார்த்தால், 500 கிலோ அடர்த்தியுள்ள இறுகிய பனியில் ஏறத்தாழ 45 விழுக்காடு இடம் வெறும் காற்றுதான். கோடையில் மேற்பரப்பில் உருகும் நீர் அந்த இடைவெளிகளுக்குள் இறங்கி, கீழேயுள்ள குளிரில் மறுபடி உறைந்துவிட்டால், அந்தக் கோடைக்குக் கடல் ஒரு சொட்டும் அறியாது. காலநிலை வெப்பமாகும்போது முதலில் தீர்ந்துபோவது இந்த இடைவெளி. அது தீர்ந்த இடத்தில்தான் மேலாளர் சொன்ன இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று நேராகத் தொடுகின்றன.

அவர் கேட்டுக்கொண்டார். பிறகு பதிவேட்டில் 'சொந்த வேலை' என்று எழுதினார்.

மே 7, கல்லூரி அரங்கு

காலைச் சிற்றுண்டி கையேந்தி பவனில்: நான்கு இட்லி, ஒரு வடை, 50 ரூபாய். ஒன்பதரை மணிக்கே நிழலைத் தேடி நடக்க வேண்டியிருந்தது.

பயிலரங்குக்கு வந்திருந்தவர்கள் இயற்பியலும் புவியியலும் படிக்கும் இளநிலை மாணவர்கள். குடியாத்தம், ஆரணி, பேரணாம்பட்டு ஊர்க்காரர்கள் மிகுதி. நான் எர்ன்ஸ்ட் சார்கே என்ற ஜெர்மானியப் பனி ஆய்வாளரிலிருந்து தொடங்கினேன். 1930–31 குளிர்காலத்தில், ஆல்ஃபிரட் வேகனர் நடத்திய ஜெர்மானியப் பயணத்தின் ஒரு பகுதியாக, கிரீன்லாந்தின் நட்டநடுவே 'ஐஸ்மிட்டே' என்ற நிலையத்தில் அவர் உட்பட மூவர் தங்கினார்கள். முறையான வீடு வந்து சேராததால் இறுகிய பனிக்குள்ளேயே குகை குடைந்து வாழ்ந்தார்கள். அவர்களுக்குப் பொருள் கொண்டுசெல்லக் கிளம்பி, நிலையத்தை எட்டித் திரும்பும் வழியில்தான் வேகனர் இறந்தார். மூவரில் ஒருவரான ஃபிரிட்ஸ் லோவேயின் கால்விரல்கள் உறைபனியால் அழுகியபோது, மற்றவர்கள் பேனாக்கத்தியால் அவற்றை வெட்டி எடுத்தார்கள். இந்த இடத்தில் அரங்கில் ஒரு முனகல் எழுந்தது. அதுவரை தூங்கியவர்களும் விழித்துக்கொண்டார்கள்.

அந்தக் குகையிலிருந்து சார்கே 15 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, அடுக்கடுக்காகப் பனியை வெட்டி எடுத்து எடை போட்டார். அதிலிருந்து கிடைத்த கருத்து அவர் பெயராலேயே வழங்குகிறது: ஓரிடத்தில் வெப்பநிலையும் பனிப்பொழிவும் ஆண்டுதோறும் மாறாமல் இருந்தால், இன்ன ஆழத்தில் இன்ன அடர்த்தி என்ற வரிசையும் மாறாது. மேலே புதுப்பனி விழ விழ ஒவ்வொரு அடுக்கும் கீழே இறங்கும். ஆனால் பத்தாவது மீட்டரில் இருக்கும் பனி எப்போது பார்த்தாலும் அதே இறுக்கத்தில் இருக்கும். என் பேச்சு முழுவதும் இந்த விதியின் தொடக்கத்திலுள்ள 'இருந்தால்' என்ற நிபந்தனையைப் பற்றியதுதான். வெப்பம் கூடினால் துகள்கள் விரைவாக ஒட்டுகின்றன. ஒரு சொட்டு உருகாமலேயே பனி வேகமாக அழுந்துகிறது. உருகவும் தொடங்கிவிட்டால் கதையே வேறு.

அதைக் கண்ணால் காட்ட ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். ஐஸ் கம்பெனியிலிருந்து வாங்கிய பாரை உடைத்துப் பொடியாக்கி, உயரமான கண்ணாடிச் சாடியில் நிரப்பி, ஆய்வகத்தின் உறைபெட்டியில் முந்தைய நாளே வைத்திருந்தார்கள். நிறம் கலந்த குளிர்நீரை மேலே ஊற்றினால் அது பாதி வழியில் உறைந்து சிவப்பு அடுக்காக நிற்கும் என்பது திட்டம். காலை ஒன்பது மணிக்கே பராமரிப்புக்காக மின்சாரம் நின்றுவிட்டது. பன்னிரண்டு மணிக்குச் சாடி வெளியே வந்தபோது ஐஸ் பொடி இருந்தது, குளிர்ச்சி இல்லை. ஊற்றிய சிவப்பு நீர் எங்கும் தயங்காமல் அடிவரை ஓடி, தெளிவாகத் தேங்கி நின்றது.

குடியாத்தத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "சுத்தி ஐஸ்தான் சார் இருக்கு. தண்ணி ஏன் உறையல?"

மின்தடை இல்லாதிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது, நானும் இதைத் தொடாமலேயே போயிருப்பேன். ஒரு கிராம் நீர் உறையும்போது 334 ஜூல் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அந்த வெப்பம் ஏறக்குறைய 160 கிராம் பனியை ஒரு டிகிரி சூடாக்கப் போதும். அதை வாங்கிக்கொள்ளப் பக்கத்துப் பனி பூஜ்யத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். துருவ இறுகுபனி தன் இடைவெளியால் நீருக்கு இடம் தருகிறது, தன் குளிரால் அதை உறைய வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் சேமிப்பு. ஒவ்வொரு முறை நீர் உறையும்போதும் இடைவெளியும் குறைகிறது, குளிரும் குறைகிறது. உருகுதல் இல்லாத உலர்பனிப் பகுதி, நீர் இறங்கி உறையும் பகுதி, கோடையில் முழுவதும் ஈரமாகிவிடும் பகுதி என்று கிரீன்லாந்தின் மேற்பரப்பை 1952 முதல் 1955 வரை பனியில் பயணம் செய்து வகுத்தவர் கார்ல் பென்சன். இப்போது அந்த எல்லைக்கோடுகள் மேட்டை நோக்கி ஏறிக்கொண்டிருக்கின்றன.

மதியம் வாழையிலையில் எலுமிச்சைச் சோறு. இரண்டு மணிக்கு மேல்தான் மின்விசிறி சுழன்றது. சாடியை அப்படியே உறைபெட்டியில் திருப்பி வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

மே 8, கல்லூரி, பிறகு விரிஞ்சிபுரம்

காலையில் அதே மாணவி சாடியை எடுத்து வந்தாள். இரவெல்லாம் உறைந்ததில் ஈரப்பொடி ஒரே கட்டியாகியிருந்தது. யாரும் சொல்லாமலேயே அவள் அதன்மேல் சிவப்பு நீரை ஊற்றினாள். நீர் உள்ளே இறங்கவே இல்லை. மேலே தேங்கி, விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்து, முன்வரிசையில் இருந்த ஒரு பையனின் வெள்ளைச் சட்டையை நனைத்தது.

கிரீன்லாந்தில் நடந்ததும் இதுவேதான். 2012 ஜூலையில் ஒரு சில நாட்கள் பனிவிரிப்பின் பரப்பு ஏறக்குறைய முழுவதும், உச்சி உட்பட, உருகியது. உச்சியில் அதற்கு முன் அப்படி உருகியது 1889இல் என்று, ஆழத்திலிருந்து துளையிட்டு எடுத்த பனித்தண்டுகள் காட்டுகின்றன. அந்தக் கோடையிலும் அதையொட்டிய வெப்பமான கோடைகளிலும் இறங்கிய நீர், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே முதலில் மெல்லிய தகடுகளாகவும், பிறகு தகடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பல மீட்டர் தடிமனுள்ள பாளங்களாகவும் உறைந்தது. பாளத்துக்குக் கீழே காற்று நிறைந்த இறுகுபனி இன்னும் இருக்கிறது. ஆனால் அடுத்த கோடையின் நீருக்கு அங்கே போக வழியில்லை. அது பாளத்தின் மேலேயே ஓடிக் கடலைத் தேடுகிறது. 2019இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, 2001க்குப் பிறகு இத்தகைய பாளங்களால் கிரீன்லாந்தில் நீர் வழிந்தோடும் பரப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு கூடியிருப்பதாகக் கணக்கிட்டது. 2012 ஜூலையில் மேற்கு கிரீன்லாந்தின் காங்கர்லுஸ்ஸுவாக் ஊரில் வாட்சன் ஆறு பெருகிப் பாலத்தையே சேதப்படுத்தியது. முன்பு நீரை உறிஞ்சிக்கொண்டிருந்த மேட்டுப் பகுதிகளும் அந்த ஆண்டு ஆற்றுக்கு நீர் அனுப்பியது அதற்கு ஒரு காரணம்.

நேற்றைய சாடிக்கும் கிரீன்லாந்தில் இடமுண்டு. தென்கிழக்குக் கரையோரத்தில் பனிப்பொழிவு மிக அதிகம். கோடையில் இறங்கிய நீரைக் குளிர்காலத்தின் குளிர் எட்டுவதற்குள் மீட்டர் கணக்கில் புதுப்பனி மூடிவிடுகிறது. நீர் உறையாமல் ஆண்டு முழுவதும் இறுகுபனிக்குள்ளேயே நிற்கிறது. 2011 வசந்தத்தில், கொடுங்குளிரில் துளையிட்ட ஆய்வாளர்களின் கருவி தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தபோதுதான் இது தெரிந்தது. பனிக்குள் தேங்கிய அந்த நீரின் பரப்பு ஏறக்குறைய 70,000 சதுர கிலோமீட்டர் என்று பின்னர் ரேடாரால் மதிப்பிட்டார்கள்.

மாலை நான்கரைக்குப் பேருந்தில் விரிஞ்சிபுரம் போனேன். மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதிலின் அழகு ஊரறிந்தது. உள்ளே நேரம் பார்க்கும் கல் ஒன்றும் இருக்கிறது. செருப்பில்லாமல் பிரகாரம் சுற்ற முடியாதபடி கல் கொதித்தது என்பதால் அதை எட்ட நின்றே பார்த்துவிட்டு, ஆற்றுக்கு இறங்கினேன். கரையில் நுங்கு விற்ற அம்மாள் பத்து ரூபாய்க்கு இரண்டு கொடுத்தார். மூன்றாவதைக் காசு வாங்காமல் கையில் திணித்தார்.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நான் மணலைப் பார்ப்பதைப் பார்த்தார். "இன்னா தம்பி, ஆறு காஞ்சி கிடக்குதுன்னு பாக்கறியா? எங்க காலத்துல முழங்கை ஆழம் நோண்டினா ஊறும். ஊத்துக்கால் வெட்டி ஏரிக்கு இட்டுக்கினு போவோம்." மணல் எடுத்துத் தீர்த்த பிறகு, களி தெரியும் இடத்தைக் கையால் காட்டினார். 2021 கார்த்திகையில் ஆறு இரு கரை புரண்டதே என்றேன். "வந்துச்சு, போச்சு. தங்கறதுக்கு இடம் எங்க இருக்குது?"

பனியைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் அரங்கில் சொல்ல முயன்றதை அவர் நான்கு சொல்லில் முடித்துவிட்டார். பாலாறு ஓடும் ஆறு அல்ல, மணலின் இடைவெளியில் நீரைப் பிடித்து வைத்திருந்த ஆறு. மேலே வறண்டு கிடந்ததால் அதை நீரில்லாத ஆறு என்றார்கள். கிரீன்லாந்தின் இறுகுபனியால் இனியும் எவ்வளவு நீரை ஏற்க முடியும் என்று 2012இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டபோது விடை 322 முதல் 1,289 கிகாடன் வரை வந்தது. ஒரு கிகாடன் என்பது நூறு கோடி டன். அந்த இடம் இருக்கும்வரை உருகுநீர் தாமதப்படுகிறது. பாலாற்றின் மணலை மனிதர்கள் அள்ளினார்கள். அங்கோ இறங்கிய நீரே உறைந்து தன் பின்னால் வரும் நீருக்கு வழியை அடைக்கிறது. வேறுபாடு அதுதான், இரண்டு இடத்திலும் வெள்ளம் ஓடிப்போகிறது.

திரும்பும் பேருந்தில் நிற்கவும் இடமில்லை. நடத்துநர் என் பையை வாங்கித் தம் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மே 9, கம்மவான்பேட்டை

பயிலரங்கு முடிந்துவிட்டதால் இன்று எனக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன். பையனின் சட்டைக் கறை அவன் தாத்தா வரை சென்று, அவர் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். சண்டைக்குத்தான் என்று எண்ணிக்கொண்டு போனேன், சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறார்.

இது படைவீரர்களின் ஊர். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருந்திருப்பார்கள். தாத்தாவும் அப்படித்தான், சியாச்சினில் இருந்தவர். கேழ்வரகுக் களி, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு, வெங்காயம் போட்ட மோர். களியை நான் பிட்டு மென்றதைப் பார்த்து வீட்டம்மா சிரித்தார். உருட்டிக் குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று அவரே காட்டினார்.

"பனி மேல நடக்கறப்போ கால் கேக்கணும் தம்பி," என்றார் பெரியவர். "மேல கெட்டியா இருக்கும், உள்ள பொலபொலன்னு கொட்டும். கம்பியில குத்திப் பாத்துட்டுத்தான் அடுத்த அடி." நான் பல கட்டுரைகளில் படித்ததை அவர் உள்ளங்காலில் வைத்திருந்தார். பனிக்குள் வெப்பநிலை மேலும் கீழும் வெகுவாக வேறுபடும்போது, நீராவி சூடான அடுக்கிலிருந்து குளிர்ந்த அடுக்குக்கு நகர்ந்து, நடுவில் ஒட்டாத பெரிய படிகங்களை விட்டுச் செல்கிறது; எடை தாங்காத அடுக்கு அதுதான்.

அண்டார்டிகாவில் இந்தியாவின் முதல் நிலையத்தைக் கட்டியதில் ராணுவப் பொறியாளர்களுக்குப் பங்குண்டு என்பதைப் பெருமையோடு சொன்னார். 1983–84 பயணத்தில் தட்சிண கங்கோத்ரி மிதக்கும் பனித்தட்டின் மேல் எழுப்பப்பட்டது. ஆண்டுதோறும் விழுந்த பனி அதை மூடிக்கொண்டே வந்தது. சில ஆண்டுகளிலேயே அது பனிக்குள் புதைந்தது. அடுத்த நிலையமான மைத்ரியைப் பாறைமேல் அமைத்தார்கள். கிரீன்லாந்தில் 1959இல் அமெரிக்க ராணுவம் இறுகுபனிக்குள் வெட்டிய கேம்ப் செஞ்சுரிக்கும் இதே முடிவுதான்: சுரங்கங்கள் அழுத்தத்தில் நெளிந்து ஒடுங்கின, 1967இல் கைவிடப்பட்டது. இறுகுபனி நிற்பதுபோல் தெரியும் பொருள். ஓயாமல் அழுந்தியும் நகர்ந்தும் கொண்டிருப்பது அதன் இயல்பு.

"அங்க அவ்ளோ குளிராச்சே, அது எப்படி உருகும்?" என்பது அவர் கேள்வி. கிழக்கு அண்டார்டிகாவின் நடுப்பகுதி இன்னும் உருகவில்லை. அங்குள்ள வஸ்தோக் ஆய்வு நிலையம் போன்ற இடங்களில் பனி கட்டியாக மாற 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அவ்வளவு குளிர், அவ்வளவு குறைந்த பனிப்பொழிவு. வெப்பம் கூடினால் காற்றில் ஈரம் கூடி உள்நாட்டில் பனி அதிகமாகவும் விழலாம். கவலை விளிம்புகளில். அண்டார்டிகத் தீபகற்பத்தில் லார்சன் பி என்ற பனித்தட்டின் மேல் கோடைக்குளங்கள் பெருகின. அதன் இறுகுபனி நீரை ஏற்கும் இடத்தை இழந்துவிட்டிருந்தது. தேங்கிய நீர் விரிசல்களுக்குள் இறங்கித் தன் எடையாலேயே அவற்றை அடிவரை பிளந்தது. 2002இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 3,250 சதுர கிலோமீட்டர் பனித்தட்டு சில வாரங்களில் நொறுங்கியது. மிதந்துகொண்டிருந்த தட்டு உடைந்ததால் கடல் உயரவில்லை. ஆனால் அது தடுத்து நிறுத்தியிருந்த பின்னாலுள்ள பனியாறுகள் வேகமெடுத்தன. பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முன்வரிசை போயிட்டா அப்படித்தான்," என்றார்.

சட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பணம் நீட்டியதும் பையன் ஓடிவிட்டான்.

மே 10, ஆம்பூர்

பேருந்து பள்ளிகொண்டாவைத் தாண்டி நின்றுவிட்டது; நண்பகலில் ஒரு மணி நேரம் நெடுஞ்சாலைப் புளியமரத்தடியில் கழிந்தது. அங்கே பேச்சுத்துணையாகக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். செயற்கைக்கோள் பனியின் உயரத்தை அளக்கிறது என்றதும் அவர் உடனே பிடித்துக்கொண்டார்: "உயரம் குறைஞ்சா எடை குறைஞ்சதுன்னு எப்படி சொல்லுவீங்க? மண்ணு அழுந்தினாலும் மட்டம் இறங்குமே."

இத்துறையின் நெடுநாள் தலைவலியை மரத்தடியில் நின்று கேட்டுவிட்டார். 2018இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 லேசரால் மேற்பரப்பின் உயர மாற்றத்தை மிகத் துல்லியமாக அளக்கிறது. ஆனால் ஓரிடத்தில் ஒரு கன மீட்டர் அளவு குறைந்ததென்றால், அங்கே போனது 917 கிலோ பனிக்கட்டியா, 300 கிலோ புதுப்பனியா, அல்லது எதுவுமே போகாமல் காற்று மட்டும் வெளியேறியதா என்று உயரம் சொல்லாது. அதற்கு இறுகுபனி எவ்வளவு வேகத்தில் அழுந்துகிறது என்ற கணிப்பு வேண்டும். கணிப்பு தவறினால் எடைக்கணக்கும் தவறும். 2002 முதல் 2017 வரை பறந்த கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள், அவற்றின் வாரிசாக 2018இல் ஏவப்பட்ட இரட்டைக்கோள்கள் ஆகியவை ஈர்ப்பு மாற்றத்திலிருந்து எடையையே நேராக உணர்கின்றன, ஆனால் அவற்றின் பார்வை மங்கலானது. சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்குக் குறைந்த விவரம் தெரியாது. இரண்டையும் பொருத்திப் பார்த்தே நம்ப வேண்டியிருக்கிறது. அவர் திருப்தியடையவில்லை. "குழி தோண்டிப் பாக்கறதுதான் சரி," என்றார். சார்கே கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆம்பூரை அடைந்தபோது மூன்று மணி. சீரகச்சம்பா பிரியாணியின் கடைசி அண்டா அடியில் இருந்தது. அரைத்தட்டு மட்டன் 180 ரூபாய், கத்திரிக்காய்த் தொக்கு கேட்கக் கேட்கப் போட்டார்கள். மிளகாய் விழுதின் காரம் மூக்கில் நின்றது. சாப்பிட்டு முடித்தவருக்கு எதிரில் நின்று இடம்பிடிக்கும் வழக்கம் இந்தக் கடையில் இல்லை. அதற்காகவே இன்னொரு முறை வரலாம்.

மே 11, ஆற்காடு

மக்கன் பேடா வாங்க ஆற்காட்டில் இறங்கியதும் வானம் இருண்டு, புழுதிக்காற்றோடு கோடைமழை கொட்டியது. அரை மணி நேரம்தான். வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்ட தெரு ஒரு துளியையும் வாங்காமல் கணுக்காலளவு நீரைச் சாக்கடைக்கு அனுப்பியது. கடைக்காரர் என்னை உள்ளே அழைத்து முக்காலி போட்டார். பேடா ஒன்று 25 ரூபாய். உள்ளே முந்திரியும் பாதாமும், வெளியே பாகு, கையெல்லாம் பிசுபிசுப்பு.

அந்த நேரம் பார்த்துக் குடியாத்தம் மாணவி அழைத்தாள். அங்கேயும் மழையாம். கிரீன்லாந்தின் உச்சியில் மழை பெய்யுமா என்று கேட்டாள். 2021 ஆகஸ்ட் 14 அன்று, 3,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்த உச்சி நிலையத்தில், பதிவில் முதன்முறையாக மழை பெய்தது. பனிக்குப் பதில் மழை விழுந்தால் புதிய இடைவெளி சேர்வதில்லை, இருக்கும் இடைவெளி நிரம்புகிறது. வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்மையும் குறைகிறது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பிவிடும். வெற்றுப் பனிக்கட்டி அதில் பாதியளவுதான்.

அவள் உண்மையில் கேட்க விரும்பியது வேறு. "அந்தப் பாளம் உருவாகிடுச்சு சார். மறுபடி குளிர்காலம் நல்லா வந்தா பழையபடி ஆகுமா?"

பாளம் கரைந்து மீண்டும் இறுகுபனியாவதில்லை என்றேன். அதன்மேல் புதுப்பனி விழுந்து, அது ஆழத்துக்குப் போக வேண்டும்; மேலே புதிதாக ஓர் இறுகுபனி அடுக்கு வளர வேண்டும். ஆண்டுக்கு அரை மீட்டர் நீருக்கு இணையான பனி விழும் இடம் என்று வைத்துக்கொண்டால், சராசரி 500 கிலோ அடர்த்தியில் பத்து மீட்டர் அடுக்கு சேர்வதற்குப் பத்து ஆண்டுகள் ஆகும். அந்தப் பத்தில் எந்தக் கோடையும் பெரிதாக உருக்கக் கூடாது. பாளம் உருவாக ஒரு சில கோடைகள் போதும். கிரீன்லாந்தைச் சுற்றியுள்ள சிறிய பனித்தொப்பிகளின் இறுகுபனி 1997 வாக்கிலேயே இந்த ஈடுசெய்யும் திறனைக் கடந்துவிட்டது என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்குப் பின் அங்கே உருகும் கூடுதல் நீர் பெரும்பாலும் நேராகவே கடலுக்குப் போகிறது.

அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. உறைபெட்டியில் மறுபடி ஒரு சாடி வைக்கப்போவதாகவும், இம்முறை மின்தடை நாளை விசாரித்துக்கொண்டே தொடங்குவதாகவும் சொன்னாள். மூன்று ஆழங்களில் வெப்பமானி செருகி வை, நீரை ஒரே முறையாக ஊற்றாமல் ஐந்து நிமிட இடைவெளியில் சிறிது சிறிதாக ஊற்று, எந்த முறையில் நீர் மேலே தேங்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, மழை விட்டதும் வாலாஜா பேருந்தில் ஏறினேன்.